சாப்பாட்டுக்காகக் கட்டிய மாடி

கோட்டை பார்க்க வரும் வெளியூர் ஆட்களைச் செஞ்சிக் கடைத்தெரு வழியாக ஏற்றிப் போகும் ஆட்டோக்காரர்கள், எங்கள் கட்டடத்துக்கு முன்னால் வண்டியை மெதுவாக்கி ஒரு கதை விடுவார்கள். "ராஜா காலத்து காவல் மாடி சார் இது. மேல நின்னு எதிரி வர்றானான்னு பாப்பாங்க. எல்லாம் கோட்டையில இருந்து எடுத்துட்டு வந்த செங்கல்லு." சார் உடனே போனைத் தூக்கிப் படம் எடுப்பார். நான் தையல் மெஷினை விட்டு எழுந்து, கத்தரிக்கோலும் கையுமாக வாசலுக்கு வந்து, "யோவ், அது சோறு துன்ன கட்டுன மாடிய்யா!" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். ஒருவரும் நம்பியதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆனால் நான் சொல்வதுதான் உண்மை. எங்கள் கட்டடம் என்று சொன்னேனே தவிர அதில் ஒரு செங்கல்கூட எனக்குச் சொந்தமில்லை. கீழே நடு அறையில் வாடகைக்குத் தையல் கடை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். கட்டடம் மாடியில் தனியாக இருக்கும் நைனாருடையது. நைனார் என்பது அவர் பெயரல்ல. மேல்சித்தாமூர் பக்கத்துச் சமணக் குடும்பங்களில் ஆண்களுக்கு வழங்கும் பட்டம். ஊரே அவரை அப்படித்தான் சொல்லும். நேரில் நான் ஐயா என்பேன். கோபம் வந்தால் அதையும் விழுங்கிவிடுவேன்.

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுப்பிய கட்டடம். கீழே மூன்று வளைவு வாசல்கள். நடு வளைவு மட்டும் அகலம், மாட்டு வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளி மூட்டை இறக்குவதற்காக. பக்கத்து வளைவுகள் இரண்டும் ஒடுக்கம். இப்போது ஒன்றில் செருப்புக்கடையும் ஒன்றில் ஜெராக்ஸ் கடையும் இருக்கின்றன. சுவர் எவ்வளவு கனம் என்றால், பின்பக்கச் சாளரத்தின் திண்டில் என் துணி அடுக்கு மொத்தமும் உட்காரும், நானும் கூடவே உட்காரலாம். முகப்பில் மேலே கட்டிய வருஷத்தைக் காரையில் எழுதி வைத்திருந்தார்கள். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்து அடித்துக் கடைசி இரண்டு எண்களும் மெழுகிப் போய்விட்டன. அதனால் கட்டடத்துக்கு என்ன வயது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வோம்.

கூரை மெட்ராஸ் ஒட்டு. தேக்குச் சட்டங்களின் மேல் சின்னச் சின்னச் செங்கல்லைக் குறுக்கே நிறுத்தி, சுண்ணாம்பு கொட்டி இறுக்கியது. சித்திரை வெயிலில் எதிர் வரிசைக் கடைக்காரர்கள் வெந்து புழுங்கும்போது நான் ஃபேனைக்கூடக் குறைத்து வைத்திருப்பேன். அவர்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு என் கடைக்கு வந்து நிற்பார்கள். உத்தரத்தில் பெரிய இரும்புக் கொக்கிகள் இருக்கின்றன. இது மல்லாட்டை மண்டியாக, அதாவது வேர்க்கடலை மண்டியாக இருந்த காலத்தில் தராசு தொங்கவிட்டவை. இன்று அவற்றில் தைத்து முடித்த ரவிக்கைகள் தொங்குகின்றன. என் மெஷினுக்கு நேர் மேலே கூரையில் ஒரு சதுர ஓட்டை, பலகை மூடி போட்டது. மூட்டையைக் கயிறு கட்டி மாடிக்கு இழுக்க விட்டார்களாம். இந்த ஓட்டையைப் பற்றிப் பிறகு நிறைய சொல்ல வேண்டியிருக்கும்.

நான் இங்கே வந்த கதையைச் சொன்னால்தான் மனுஷர் எப்படிப்பட்டவர் என்று புரியும். எங்கள் வீடு அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு கிராமத்துக் காலனியில் இருக்கிறது. கடை தேடி இந்தத் தெருவில் ஏறி இறங்கியபோது எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எந்த ஊர் என்பார்கள், சொல்வேன். ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள், அதையும் சொல்வேன். "சொல்லி அனுப்புறோம்மா" என்பார்கள். இன்றுவரை ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. நைனார் மட்டும் ஊரைக் கேட்கவில்லை. "கட்டடத்துக்குள்ள கவுச்சி ஆகாது. முட்டகூட ஆகாது. ஒத்துக்குவியா?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதே கேள்விக்கு வேறு துணி போர்த்திக்கொண்டு வருகிறார் என்று நினைத்தேன். "நான் தைக்க வரேன், துன்ன வரல" என்றேன். "அப்ப சரி, சாவிய வாங்கிக்க" என்றார்.

கொஞ்ச நாள் கழித்துப் பக்கத்து அறையைக் கேட்டு ஒரு பேங்க் அதிகாரி காரில் வந்து இறங்கினார். அவரிடமும் அச்சு மாறாமல் அதே கேள்வி. அதிகாரி சிரித்து மழுப்பினார். நைனார் அறையைக் கொடுக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் ஆறியது. முழுக்க ஆறப் பல வருஷம் பிடித்தது, அவமானப்பட்டவளுக்குச் சந்தேகம் சீக்கிரம் போகாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்தால், மறுநாள் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கடைச் சாவியைத் தொடுவேன். அவர் சொல்லி இல்லை, பயந்தும் இல்லை. ஒத்துக்கொண்டேன் அல்லவா, அதனால்.

மாடிக்கு வருகிறேன். மேலே ஒரே அறை, பின்னால் சமையல்கட்டு. கீழே அவ்வளவு சிக்கனமாகக் கட்டிய கை, மேலே மேற்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வளைவு ஜன்னலை வைத்திருக்கிறது. மேல்வெயில் நேராக உள்ளே இறங்கும் திசையில் எந்தக் கொத்தனாராவது அவ்வளவு பெரிய ஜன்னல் வைப்பானா? முதல் தடவை பார்த்தபோது, "இத கட்டுனவருக்குப் புத்தி கித்தி இருந்துதா ஐயா?" என்று கேட்டேவிட்டேன். கட்டியவர் அவருடைய தாத்தா. நைனார் கோபித்துக்கொள்ளவில்லை. "பசி இருந்துது" என்றார்.

சமணர்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழுந்து சாகக் கூடாது என்பது அதன் காரணம். தாத்தா தன் ஊரில் இருந்தவரை அதில் ஒரு தொல்லையும் இல்லை. சுற்றிலும் வயல், சூரியன் நிதானமாக இறங்கும், அவரும் நிதானமாகச் சாப்பிடுவார். மல்லாட்டை வியாபாரத்துக்குச் செஞ்சிக்கு வந்த பிறகுதான் வம்பு. இங்கே மேற்கே கோட்டை மலைகள். ராஜகிரிக்குப் பின்னால் சூரியன் போகும் நேரத்தில், அவர் ஊர்ப்பக்கம் வயல்வெளியில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கும். அந்த நேரத்தில்தான் வண்டிகளும் வந்து நிற்கும். மூட்டையை நிறுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் மலை சூரியனை முழுங்கியிருக்கும். அன்றைக்கு ராத்திரிப் பட்டினி.

சூரியன் மறையவில்லை, மலைக்குப் பின்னால்தான் இருக்கிறது, சாப்பிடலாம் என்று சொந்தக்காரர்கள் எவ்வளவோ சொன்னார்களாம். தாத்தா கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் இல்லை. வேறென்ன செய்வது? மலையைக் குறைக்க முடியாது, தன்னை உயர்த்திக்கொள்ளலாம் என்று மாடி கட்ட முடிவு செய்தார். ஏரிக்கரையில் சொந்தமாகச் சூளை போட்டுச் செங்கல் சுட்டார். "மலைய வுட ஒசரமா கட்டப் போறியா நைனாரே?" என்று கடைத்தெருவே சிரித்ததாம்.

சிரித்ததில் தப்பில்லை. மாடி ஏறிப் பார்த்தால் மலை இருந்தபடியேதான் இருந்தது. ஒரு ஆள் உயரம், இரண்டு ஆள் உயரத்துக்கெல்லாம் ராஜகிரி மசியுமா? ஆனால் எதிர்வரிசை ஓட்டுக் கூரைகளுக்கு மேலே, இரண்டு மலைகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளம் தெரிந்தது. வருஷத்தில் சில மாதங்கள் சூரியன் சரியாக அந்தப் பள்ளத்தில்தான் இறங்கும். அந்த மாதங்களில் தாத்தா சாவகாசமாகச் சாப்பிட்டார். மற்ற மாதங்களில் அவசரமாகச் சாப்பிட்டார். கட்டியது கட்டியாயிற்று, தப்புக் கணக்கு என்று ஒத்துக்கொள்ள மனசு வருமா? ஜன்னலில் தெரிவதுதான் இந்த வீட்டுச் சூரியன் என்று சட்டம் போட்டுவிட்டார். மகனும் அப்படியே, பேரனும் அப்படியே.

இந்த விஷயத்தில் நைனாரோடு நான் போட்ட சண்டைக்கு அளவே இல்லை. "ஐயா, சூரியன் எங்கயும் போவல. இந்நேரம் திருவண்ணாமலையில நல்லாவே காயுது" என்பேன். "திருவண்ணாமலையில காயிற சூரியன் எனக்கு எதுக்கு? நான் செஞ்சியிலதான சாப்புடுறேன்" என்பார். அவர் மனைவி இருந்தவரை இந்தச் சண்டையில் அந்த அம்மா என் பக்கம் பேசிவிட்டு, அவர் பக்கம் சாப்பிடும்.

அந்த அம்மா போன பிறகு ஒரு பெண் மதியம் வந்து ராத்திரிக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துவிட்டுப் போகத் தொடங்கினாள். நைனாருக்குச் சர்க்கரை வியாதி. கண்புரை ஆபரேஷன் செய்தும் அந்திவெளிச்சம் அவருக்குக் கலங்கலாகத்தான் தெரியும். முட்டி வலியால் படி இறங்குவதும் நின்றுபோனது. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டைத் தவறவிட்டு, விடிந்ததும் சமையல்கட்டில் மயங்கிக் கிடந்தார். கீழ்க் கடைக்காரர்கள் நாங்கள்தான் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சென்னையிலிருந்து ஓடி வந்த மகன் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ ராத்திரி சாப்பிடாம இருந்தீங்கன்னு தெரிஞ்சா, நேரா என்கூட சென்னைக்குத்தான்பா." மகன் நல்லவர். அப்பாமேல் உயிர். அதனால்தான் அந்த வார்த்தைக்கு நைனார் பயந்தார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வரிசையில் ஓட்டுக் கூரைகளைப் பிரித்துவிட்டு ஒரு ஜவுளிக்கடை எழும்பியது. மாடிக்கு மேல் மாடி, அதற்கு மேல் விளம்பரத்துக்கு ஒரு தகரச் சுவர். நைனாரின் ஜன்னலில் மலையும் போனது, பள்ளமும் போனது. மத்தியானம் சாய்ந்ததுமே அறை இருட்டாகிவிடும். நான் தெருவில் இறங்கிச் சண்டைக்குப் போனேன். கடைக்காரர் அனுமதிக் காகிதத்தைக் காட்டினார், ஒரு புடவையும் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றார். திரும்பி வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழாத குறையாகச் சொன்னேன். நைனார் சிரித்தார். "சூரியன கையால மறைக்க முடியாதுன்னு சொல்லுவாங்க. தகரத்தால மறைச்சுட்டான் பாரு, கெட்டிக்காரன்."

சிரித்தாரே தவிர அன்றைக்கு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மணி பார்த்துச் சாப்பிடுங்கள் என்றேன், மாட்டேன் என்றார். காலண்டரில் அஸ்தமன நேரம் போட்டிருக்கிறது என்றேன், அது யாரோ சொன்னது என்றார். நான் இறங்கி வந்து மெஷினில் உட்கார்ந்தேன். பிறகு என் தலைக்கு மேல் பலகை நகரும் ஓசை. வருஷக்கணக்கில் திறக்காத மூடி அது. என் தலையெல்லாம் மல்லாட்டைத் தூசி. ஓட்டை வழியாக நைனாரின் முகம் எட்டிப் பார்த்தது.

"ஏம்மா, கொஞ்சம் முக்குல போயி பாக்குறியா? இருக்குதா?"

தெருமுக்கில் போய் நின்றால் திருவண்ணாமலை ரோடு நேராக மேற்கே ஓடும், அதன் கோடியில் இரண்டு மலைகளும் நடுப் பள்ளமும் தெரியும். போய்ப் பார்த்தேன். சிவப்பாக, முழுசாக இருந்தது. ஓடி வந்து, "இருக்குது ஐயா, சாப்புடுங்க!" என்று கத்தினேன். மேலே தட்டுச் சத்தம் கேட்டது.

அன்று தொடங்கியது இந்த வேலை. தினமும் சாயங்காலம் மூடி நகரும், தூசி விழும், "ஏம்மா, இருக்குதா?" என்று கேட்கும். நான் ஊசியை நிறுத்திவிட்டு முக்குக்குப் போவேன். அங்கிருந்து நன்றாகத் தெரிய வேண்டுமானால் ரோட்டில் நாலு எட்டு இறங்கி நிற்க வேண்டும். பஸ்காரர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார்கள். "ஏம்மே, நடுரோட்டுல நின்னு இன்னாத்த பாக்குற?" என்று ஒரு டிரைவர் தலையை நீட்டுவார். "சூரியன பாக்குறேன், நீ ஓரமா போ" என்பேன். மேகம் மூடிய நாட்களில் உள்ளங்கையை விரித்துப் பார்ப்பேன். ரேகை தெரிந்தால் பொழுது இருக்கிறது என்று கணக்கு. அதைப் பார்த்துவிட்டு, இவளுக்கு ஜோசியம் தெரியும் என்று கிளப்பிவிட்டார்கள். இரண்டு பெண்கள் ரவிக்கை அளவு கொடுக்க வந்த இடத்தில் கையையும் நீட்டினார்கள்.

எரிச்சல் வராமல் இல்லை. முகூர்த்த மாதங்களில் கடை நிறைய ஆள் நிற்கும்போது அந்த மூடி நகர்ந்தால், இந்த மனுஷர் இன்னொரு மதத்தில் பிறந்திருக்கக் கூடாதா என்று தோன்றும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் சொந்தக்காரர்கள்கூட நான் சொல்வதை ஒருமுறை பிறரிடம் சரிபார்த்துக்கொள்வார்கள். இவர் செருப்புக்கடையைக் கேட்டதில்லை, ஜெராக்ஸ் கடையைக் கேட்டதில்லை. நான் இருக்குது என்றால் சாப்பிடுவார். போயிடுச்சு என்றால், பாதித் தட்டில் இருந்தாலும் வாயைக் கொப்பளித்துவிட்டு எழுந்துவிடுவார். ஒரு சோற்றுத் தட்டு என் வாயை நம்பி உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பெருமையாகவே இருந்தது.

போன தீபாவளிக்கு முன்னால் மகன் வந்தார். அன்று அப்பாவோடு சேர்ந்து சாப்பிடலாம் என்று போனில் சொல்லியிருந்தார் போல. நைனார் மதியமும் சரியாகச் சாப்பிடாமல் காத்திருந்தார். வழியெல்லாம் பண்டிகைக் கூட்டம், கார் வந்து சேர நேரமாகிவிட்டது. மகன் படி ஏறிய வேகத்திலேயே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. என் கடையில் நிற்க இடமில்லை, எல்லோருக்கும் அன்றைக்கே ரவிக்கை வேண்டும். மூடி நகர்ந்தது. "ஏம்மா, இருக்குதா?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். மலை மேலும் இல்லை, நடுப் பள்ளத்திலும் இல்லை. மேலே வானம் மட்டும் சிவந்து கிடந்தது. பஸ் ஒன்று என்னைத் திட்டிக்கொண்டே போனது. இன்னொரு தடவை பார்த்தேன். பார்த்தால் வந்துவிடுமா?

திரும்பி வந்து தலையைத் தூக்கினேன். ஓட்டையில் இரண்டு முகங்கள் இருந்தன. "இன்னும் டைம் இருக்குப்பா, போன்லயே போட்டிருக்கு பாருங்க" என்று மகன் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்நேரம் சூரியன் எங்கோ இருக்கத்தான் செய்தது, நானே அதற்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! அப்பாவுக்குத் தெரியாமல் மகன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சொல்லுங்கள், இருக்கிறது என்று சொல்லுங்கள். கண்ணால் கெஞ்சினார். எனக்கு எல்லாம் தெரிந்தது. இவர் இன்று சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கும். சாப்பிடவில்லை என்று மகன் கண்ணாலேயே பார்த்தாகிவிட்டால், நாளைக்கே சென்னை. சென்னைக்குப் போனால் அந்த மனுஷருக்கு ஜன்னலும் இல்லை, ஊரும் இல்லை. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"போயிடுச்சுங்க ஐயா" என்றேன்.

மேலே தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. மகன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். வீட்டுக்குப் போன பிறகு எனக்கும் ஒரு வாய் இறங்கவில்லை. பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பெண்ணா நீ என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

காலையில் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்து கடையைத் திறந்தேன். மாடியில் நடமாட்டம் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அதற்குள் மகன் படி இறங்கி வந்துவிட்டார், கையில் அப்பாவின் துணிப் பெட்டி. குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா சாப்ட்டு இருப்பாரு. ராத்திரி முழுக்க அவரு கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். உங்களுக்கு என்னங்க நஷ்டம்?"

எனக்கும் வாய் சும்மா இருக்காது. "அவரு கேட்டது சூரியன் இருக்குதான்னு. சாப்புடலாமான்னு கேட்டிருந்தா ஆயிரம் தடவ சாப்புடுங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றேன். மகன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இனிமேல் இதெல்லாம் வேண்டாம், மதியத்துக்குள் அப்பாவை அழைத்துக்கொண்டு கிளம்புகிறேன் என்றார்.

தலைக்கு மேல் பலகை நகர்ந்தது. தூசி இரண்டு பேர் மேலும் விழுந்தது.

"டேய்" என்றார் நைனார். குரல் சோர்ந்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. "உன் வூட்டுக்கு வந்தா எனக்கு வேளாவேளைக்கு சோறு கெடைக்கும், தெரியும்டா. இருக்குதுன்னு சொல்ல நீ இருக்குற, உன் பொண்டாட்டி இருக்குறா, அந்த போனு இருக்குது. போயிடுச்சுன்னு சொல்ல அங்க யாரு இருக்குறா?"

மகன் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, வந்த படியிலேயே திரும்ப ஏறினார். நான் தலை நிமிராமல் மெஷினில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கை வைத்து ஓட்டத் தொடங்கினேன். பாதிக்கு மேல் ஓடிய பிறகுதான், இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. மூடி இன்னும் திறந்தே இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாசலில் விழுந்த காலை வெயிலைப் பார்த்துக் கத்தினேன்.

"இருக்குது ஐயா, நல்லாவே இருக்குது. பேசுனது போதும், மொதல்ல சாப்புடுங்க!"